முகமூடிக்குள் ஒரு மௌனி

"பொடியன் ஊமையோ அத்தான்?"

வரதராஜன் இதைக் குசினிக்குள் வைத்து ரகசியமாகத்தான் கேட்டார். அவருடைய ரகசியம் சாதாரணமாகச் சிட்னியின் வென்ட்வேர்த்வில் ரயில் நிலையம் வரைக்கும் கேட்கும். சாப்பாட்டு மேசையில் இருந்த சுகிர்தனுக்குக் கேட்காமல் இருக்க வழியில்லை. அவனோ நண்டுக்காலை உடைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து, திருப்தியோடு வாயில் வைத்தான்.

"ஊமை இல்லையடா. அமைதியான பிள்ளை," என்றார் தேவராஜா.

"வந்ததிலயிருந்து பாக்கிறன். 'ஓம் அங்கிள்' எண்டதுக்கு மேல ஒரு சொல்லு வரேல்லை."

"ஓம் எண்டால் போதாதோ? நீ உன்ர மருமோனிட்ட ஒருக்கா ஓம் வாங்கிப் பார்."

வரதராஜன் தேவராஜாவின் மனைவி இரஞ்சிதத்தின் தம்பி. குடும்பத்தில் நடக்கும் நல்ல காரியங்களில் ஓட்டை கண்டுபிடிப்பதைச் சம்பளமில்லாத உத்தியோகமாக எடுத்துச் செய்பவர்.

உண்மையில் தேவராஜாவுக்கு அந்தப் பொடியனிடம் பிடித்ததே அவனுடைய மௌனம்தான். அவர் இலங்கையில் வங்கி எழுதுவினைஞராக இருந்தவர். "எண்பத்தைஞ்சில நான் வவுனியா பிராஞ்சில இருக்கேக்க" என்று அவர் தொடங்கினால், விருந்தாளிகளுக்குக் காரை நிறுத்திய இடம் சரியா என்ற சந்தேகம் வரும். இரஞ்சிதத்துக்கு அடுப்பின் நினைவு வரும். மகள் சிவாஜினி, அடிக்காத போனை எடுத்துக் காதில் வைப்பாள். அவர் சிட்னிக்கு வந்த காலத்திலிருந்து ஒரு கதையாவது முடிவு வரை போனதில்லை. கேட்பவர்கள் முடிவுக்கு முன்பே முடிந்துபோய்விடுவார்கள்.

"இவரைத்தான் கட்டப் போறன்" என்று சிவாஜினி கூட்டிக்கொண்டு வந்த சுகிர்தன், முதல் நாளே கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு பின்னேரம் முழுக்கக் கேட்டான். கொட்டாவி விடவில்லை. போனைத் தொடவில்லை. இடையில் ஒரு தடவை, "பிறகு அங்கிள்?" என்றும் கேட்டான். தேவராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நிமிடமே அவர் மனதுக்குள் சம்பந்தம் பேசி முடித்துவிட்டார்.

சுகிர்தன் சிட்னி அணியில் தொழில்முறை பேஸ்போல் ஆட்டக்காரன். அங்குள்ள தமிழ்ச் சமூகத்தில் யாருக்கும் அந்த விளையாட்டு தெரியாது. அதனால் எல்லோரும் அதைப் பற்றி அபிப்பிராயம் வைத்திருந்தார்கள். அவன் 'கட்சர்'. அடிக்க வருகிறவனுக்கு நேர் பின்னால், விக்கெட் கீப்பரைப் போல, ஆனால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கிற வேலை. முகத்தில் இரும்புக் கம்பி போட்ட முகமூடி. ஒரு ஆங்கிலப் பத்திரிகை நிருபர் அவனைப் பேட்டி காணப் போயிருக்கிறார். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தலையாட்டல்தான் கிடைத்தது. மனிதர் அசரவில்லை. தலையாட்டல்களை வைத்தே முழுப் பக்கம் எழுதினார். கீழைத்தேயப் பொறுமை, ஆழ்கடல் அமைதி, தியானம். 'முகமூடிக்குள் ஒரு மௌனி' என்று தலைப்பு. ஒருவன் பேசாவிட்டால் அவனுக்குள் ஆழம் இருப்பதாக எழுதிவிடலாம். யாரும் இறங்கி அளந்து பார்க்கப் போவதில்லை.

வரதராஜன் மட்டும் இறங்கினார்.

"அக்கா, கதைக்காதவனை நம்பாத. ஒண்டில் ஏதும் நோய் வருத்தம் இருக்கும், இல்லாட்டி வேற எங்கையோ ஒரு குடும்பம் இருக்கும்."

அன்றிலிருந்து இரஞ்சிதத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கலியாண எழுத்துக்கு, அதாவது பதிவுத் திருமணத்துக்கு, மண்டபம் பிடித்து, சாப்பாட்டுக்கும் சொல்லியாகிவிட்டது. "எழுத்துக்கு முதல் அந்தப் பிள்ளை எங்களோட நாலு வசனம் ஒழுங்காக் கதைக்கட்டும். இல்லாட்டி எழுத்து இல்லை," என்று அவர் சொல்லிவிட்டார்.

"அம்மா, he talks to me," என்றாள் சிவாஜினி.

"எப்ப கதைக்கிறவர்?"

"மெசேஜில."

இந்தச் சாட்சியம் வழக்குக்கு உதவவில்லை.

"Fine. மண்டபத்தை கான்சல் பண்ணுங்கோ. நாங்கள் ரெண்டு பேரும் ரெஜிஸ்ட்ரியில சைன் வைக்கிறம். நீங்கள் Zoom-இல பாருங்கோ," என்று சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

தேவராஜா கதவைப் பார்த்தபடி நின்றார். மகள் போய்விடுவாள். மானம் போய்விடும். தென் அரைக்கோளத்தில் அவருக்கென்று இருந்த ஒரே சோடிக் காதும் போய்விடும். எது போவது கூடுதலாக வலித்தது என்பதை அவர் வெளியே சொல்லவில்லை.

எனவே பொய் சொன்னார்.

"விரதமடா," என்றார் வரதராஜனிடம். "சீசன் முடியுமட்டும் மௌன விரதம். வெளியில சொல்லிப்போடாத."

வெளியில் சொல்லிவிடாதே என்றால் வரதராஜனுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் சுகிர்தனைக் கண்டவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து வணக்கம் சொன்னார்கள். ஒரு பெண் காய்ச்சல்காரப் பிள்ளையை அவனுக்கு முன்னால் நிறுத்தினாள். என்ன செய்வதென்று தெரியாமல் அவன் பிள்ளையின் தலையில் கையை வைத்தான். ஏற்கெனவே பனடோல் மாத்திரை கொடுத்த பிள்ளை என்பதால் காய்ச்சல் இரவே விட்டுவிட்டது. அடுத்த வெள்ளி, மூலவருக்கு முன்னால் நின்ற வரிசையை விட சுகிர்தனுக்கு முன்னால் நின்ற வரிசை நீளமாக இருந்தது.

"சாமி எந்தக் கையால பந்து பிடிக்கிறவர்?" என்று ஒருவர் பயபக்தியோடு விசாரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் இரஞ்சிதம், சனம் அவனுக்குக் காணிக்கையாகக் கொடுத்த வாழைப்பழச் சீப்புகளை மேசையில் போட்டார். "ஒரு சாமியாருக்கோ பிள்ளையைக் குடுக்கப் போறியள்?"

சாமியார்ப் பட்டத்தைக் கழற்ற வேண்டுமானால் பொடியன் ஊரறியப் பேச வேண்டும். தேவராஜா தமிழ் வானொலிக்காரர் முரளிதரனைப் பிடித்தார். நேரடி ஒலிபரப்பு. சுகிர்தனுக்குத் துணையாகத் தேவராஜாவும் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

"சுகிர்தன், உங்கட வெற்றியின்ர ரகசியம் என்ன?" என்று கேட்டார் முரளிதரன்.

சுகிர்தன் யோசித்தான். வானொலியில் யோசனை கேட்காது. பிளாக்டவுனில் ஒருவர் தன் வானொலிப் பெட்டியைக் கையால் தட்டிப் பார்த்தார். முரளிதரனின் நெற்றியிலிருந்து வேர்வை ஒலிவாங்கிக்கு மேல் விழுந்தது.

"அதாவது, தம்பி சொல்ல வாறது என்னெண்டால்..." என்று தேவராஜா தொடங்கினார். செய்திக்கான மணி அடிக்கும்வரை தம்பி சொல்ல வந்ததைச் சொல்லிக்கொண்டேயிருந்தார்.

மாலைக்குள் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. தேவராஜா பொடியனைப் பேசவே விடுவதில்லையாம். மாமனாருக்குப் பயந்து பிள்ளை வாயை மூடிக்கொண்டு திரிகிறதாம். யாரோ ஒரு நல்ல உள்ளம், குடும்ப வன்முறைக்கு எங்கே உதவி கேட்கலாம் என்ற துண்டுப்பிரசுரத்தைத் தேவராஜாவின் தபால்பெட்டியில் போட்டுவிட்டுப் போனது.

அவர் கடைசியாகத் தமிழ்ப் பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு அவனைப் பிரதம விருந்தினராக்கினார். பேச்சையும் தானே எழுதிக் கொடுத்தார். "எல்லாருக்கும் வணக்கம், பிள்ளையள் நல்லா விளையாடுங்கோ." அவ்வளவுதான். ஒற்றை வசனத்தோடு நிறுத்தியது தேவராஜாவின் வாழ்க்கையில் அவர் செய்த மிகப் பெரிய தியாகம்.

சுகிர்தன் மேடையேறினான். கூட்டத்தைப் பார்த்தான். கூட்டம் அவனைப் பார்த்தது. வாயைத் திறந்தான், மூடினான். நெஞ்சில் கையை வைத்து, தலையைக் குனிந்து வணங்கிவிட்டு, கதிரையில் போய் உட்கார்ந்துவிட்டான்.

கூட்டம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். "சொல்லாமலே ஒரு செய்தியைச் சொல்லிவிட்டார்" என்று பாடசாலை அதிபர் உருகினார். என்ன செய்தி என்று யாரும் கேட்கவில்லை.

"எழுதிக் குடுத்தும் வரேல்லை, பாத்தியளோ அத்தான்?" என்றார் வரதராஜன். "நாளைக்கு அவன்ர கடைசி மேட்ச். நானே வந்து முகத்துக்கு நேர கேக்கிறன். அக்காவும் வரட்டும்."

மறுநாள் மெல்பேர்ண் அணியோடு ஆட்டம். வீட்டுப் பெரியவர்கள் எல்லோருக்கும் அதுதான் பேஸ்போல் மைதானத்தில் முதல் தடவை. சிவாஜினி தகப்பனுக்கும் மாமாவுக்கும் நடுவில், எல்லைக் காவலரைப் போல உட்கார்ந்திருந்தாள். தூரத்தில் சுகிர்தன் முகமூடியோடு குந்தியிருந்தான்.

"எட்டித் தொடுற தூரத்தில ஒரு மனிசன் மட்டையோட நிக்கிறான். மரியாதைக்கு ஒரு ஹலோ சொல்லேலாதோ?" என்றார் வரதராஜன்.

"விளையாட்டில என்னடா ஹலோ?"

மெல்பேர்ண்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள், மூன்று பந்துக்கும் காற்றை அடித்தார்கள், அவுட்டாகித் தலையைக் குலுக்கிக்கொண்டு போனார்கள். ஒருவன் போகும்போது சுகிர்தனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். "தோத்த கோவம்," என்று விளக்கினார், விளையாட்டின் தலையும் வாலும் தெரியாத தேவராஜா.

சிட்னி வென்றது. வாசலடியில் சுகிர்தன் முகமூடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தான். வரதராஜன் வாயைத் திறப்பதற்குள் இரஞ்சிதம் முந்திக்கொண்டார்.

"தம்பி, நான் நேரயே கேக்கிறன். எங்களோட கதைக்க உங்களுக்கு விருப்பமில்லையோ?"

சுகிர்தனின் காது சிவந்தது. சிவாஜினியைப் பார்த்தான். நிலத்தைப் பார்த்தான். வாகனத் தரிப்பிடத்தில் கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின.

"ஓம் அன்ரி," என்றான். பிறகு, "இல்லை அன்ரி."

"கேட்டியோ அக்கா? ரெண்டையும் சொல்லிப்போட்டான்."

இரஞ்சிதம் கைப்பையைத் தோளில் மாட்டினார். "சரி, வாங்கோ போவம். மண்டபம் வேண்டாமெண்டு நான் போன் அடிச்சுச் சொல்லுறன்." சிவாஜினி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வந்த அமைதியைத் தேவராஜாவால் தாங்க முடியவில்லை. வாழ்நாள் முழுக்க எந்த அமைதியையும் எப்படிச் சமாளித்தாரோ அப்படியே இதையும் சமாளிக்கப் பார்த்தார்.

"பொறும் இரஞ்சிதம், அவசரப்படாதையும். இப்பிடித்தான் எண்பத்தைஞ்சில நான் வவுனியா பிராஞ்சில—"

"வவுனியா?"

கேட்டது ஒரு வெள்ளைக்காரர். நாள் முழுக்கச் சுகிர்தனுக்குப் பின்னால் குனிந்து நின்று தீர்ப்புச் சொன்ன நடுவர். பையைத் தூக்கிக்கொண்டு அவர்களைக் கடந்து போனவர், அந்த ஊர்ப்பெயரைக் கேட்டதும் அப்படியே நின்றுவிட்டார். சுகிர்தன் அவரைப் பார்த்தான். அவசர அவசரமாகக் கக்கத்திலிருந்த முகமூடியை எடுத்து முகத்தில் மாட்டிக்கொண்டான்.

நடுவர் பையைக் கீழே வைத்துவிட்டு, தேவராஜாவின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, ஆங்கிலத்தில் கெஞ்சினார்:

"அந்த அங்கிள் நீங்கள்தானா? மட்டையோடு வருகிற ஒவ்வொருவனுக்கும் இவன் மூச்சு விடாமல் உங்கள் வவுனியா வங்கிக் கதையைச் சொல்லிச் சொல்லியே ஆளை அவுட்டாக்குகிறான், சீசன் முழுக்கப் பின்னால் நின்று நானும் கேட்கிறேன், ஆனால் கதை முடிவதற்குள் மூன்றாவது பந்து வந்துவிடுகிறது. தயவுசெய்து சொல்லுங்கள், பெட்டக அறைக்குள் தன்னைத்தானே வைத்துப் பூட்டிக்கொண்ட அந்த மனேஜர் கடைசியில் வெளியே வந்தாரா, இல்லையா?"