மாப்பிள்ளை மாட்டித் தந்த நான்கு கேமராக்கள்

வெண்ணந்தூர்,
சனிக்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை தீனதயாளன் அவர்களுக்கு, மாமனார் சென்னிமலை பணிவுடன் எழுதிக்கொள்வது. நானும் தங்கள் அத்தையும் நலம். தாங்களும் உஷாராணியும் அவ்வண்ணமே இருப்பீர்கள் என்று நம்புகிறோம். கேமராக்கள் நலமா என்று தாங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுவது நல்லது. போனில் சொல்லலாமென்று எண்ணை அழுத்தினேன். மணி அடிக்குமுன் துண்டித்துவிட்டேன். ஆகவே கடிதம்.

பொங்கலுக்கு வந்தபோது தாங்கள் வீட்டைச் சுற்றி நான்கு கேமராக்களை மாட்டி, உஷாவின் பழைய கம்ப்யூட்டரில் அதற்கான மென்பொருளையும் போட்டுக் கொடுத்தீர்கள். அந்தப் பெட்டி ஓயாமல் மூச்சிரைத்தது எங்களுக்கு வெகுநாள் தெரியாது. பக்கத்தில் விசைத்தறி ஓடும்போது நம் பேச்சே நமக்குக் கேட்காது. தறிக்கு லீவு விட்ட அன்றுதான் தங்கள் அத்தை ஓடிவந்து, "ஏனுங்க, உள்ளார மாவு மில்லு ஓடுதுங்களா?" என்றாள். பெட்டியைத் தொட்டால் தோசைக்கல். பிராசஸர் தொண்ணூற்றெட்டு சதவீதம் உழைப்பதாகத் திரை சொன்னது. "அது வெடிக்கறதுக்குள்ள நிறுத்திப்போடுங்க. இல்லீன்னா நான் எங்கண்ணன் ஊட்டுக்குப் போறேன்" என்றாள். உஷாவைக் கேட்டால், "அப்பா, அவரு லீவு போட்டு வந்து மாட்டுனது. நிறுத்துனீங்கன்னா மொகத்தத் தூக்கி வெச்சுக்குவாரு" என்கிறாள். (இது தங்களுக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.)

தங்கள் முகமும் வாடக்கூடாது, பெட்டியும் வேகக்கூடாது. கையேட்டைப் பென்சிலுடன் படித்து, நாளுக்கு ஒரே ஒரு மாற்றம் என்று ஆரம்பித்தேன். நான்கு படங்களும் திரையில் எந்நேரமும் ஓடுவதே ஒரு சுமையாம். தாங்கள் திறந்து வைத்ததை மூடுவது மரியாதைக் குறைவோ என்று யோசித்து, பிறகு மூடினேன். நொடிக்கு இருபத்தைந்து படம் என்றிருந்ததை எட்டாக்கினேன். தங்கள் அத்தை நடக்கும் வேகத்துக்கு எட்டே அதிகம். அசைவைக் கண்டுபிடிக்கப் பெரிய படம் வேண்டாம், சிறியதே போதும் என்றிருந்தது, அப்படியே செய்தேன். சுமை ஐம்பது சதவீதத்தில் வந்து நின்றது, அதற்குக் கீழே இறங்கவில்லை. எதிர்வீட்டுப் பாப்பாயி சாயம் போட்ட நூலை மூங்கிலில் காயப்போடுகிறாள். நூல் ஆடும்போதெல்லாம் ஆள் வந்துவிட்டதாகக் கேமரா பதறிப் பதிவு செய்கிறது. வேறிடத்தில் காயப்போடச் சொல்லலாமென்று போனேன். மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

படத்தில் வேண்டாத பகுதியை மறைக்கவும் வழியிருந்தது. நில அளவைத் துறையில் வரைபடம் போட்டே தலை நரைத்தவன் நான். பட்டாவை எடுத்து வைத்து, நம் இடத்தை மட்டும் கேமரா பார்க்கும்படி எல்லை போட்டேன். ஊரார் நிலத்தைக் கண்காணிக்க நமக்கு என்ன உரிமை? அப்போதுதான் நம் கேட்டே முக்கால்வாசி பொதுப் பாதையில் நிற்பது தெரிந்தது. மனசாட்சிப்படி அதையும் மறைத்தேன். சுமை பன்னிரண்டு சதவீதம்! "இப்பத்தானுங்க ஊடு ஊடாட்ட இருக்குது" என்று தங்கள் அத்தை கேட்காமலே இன்னொரு காபி தந்தாள்.

நேற்றுக் காலையில் பார்த்தால் கேட்டின் மேலிருந்த கேமராவையே காணோம். பதிவில் ஒன்றுமில்லை. பாப்பாயி மட்டும் பார்த்துவிட்டு, "ஏனுங்கய்யா, திருடனப் புடிக்க வெச்சதையே தூக்கிட்டுப் போயிட்டானுங்களா? அப்ப அது இத்தன நாளா என்னத்தத்தான் பாத்துச்சு?" என்றாள். எல்லாவற்றையும் மறைத்தபின் மிஞ்சிய நம் தண்ணீர்த் தொட்டியை என்று சொல்ல வாய் வரவில்லை. தங்கள் அத்தை பயந்துவிடுவாள் என்று அவளிடம் இன்னும் மூச்சு விடவில்லை.

ஆடிப் பெருக்குக்குத் தாங்கள் வரும்போது எந்த முகத்தோடு கேட்டைத் திறப்பேன்? தவறு முழுக்க என்னுடையது. உஷாவைக் கோபிக்க வேண்டாம். நானே புதிது வாங்கி மாட்டலாமா, அது தங்களுக்கு மரியாதைக் குறைவா என்று ஒரு வரி எழுதினால் அதன்படி நடப்பேன். இருவரும் குறையின்றி நெடுநாள் வாழ நம் குலசாமி துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மதிப்பை இழக்க அஞ்சும்,
சென்னிமலை.

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். கேமரா திருட்டுப் போகவில்லை. பீரோவில், தங்கள் அத்தையின் முகூர்த்தப் புடவைக்குப் பக்கத்தில், துண்டில் சுற்றிப் பத்திரமாக இருக்கிறது. "மழை வந்துச்சுங்க. மாப்ள ஆசையா குடுத்த சாமான் நனையுமேன்னு, நீங்க தூங்கையில கரண்டு வேலை பாக்கற மணியனக் கூப்புட்டுக் கழட்டி வெச்சேன்" என்கிறாள். நனைந்தாலும் கெடாது என்று விளக்கினேன். "அது விக்கறவங்க சொல்றதுங்க" என்றுவிட்டாள். மற்ற மூன்றும் இன்னும் வெளியேதான் இருக்கின்றன. வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. அவள் மணியனுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறாள்.