டிராக் பேண்ட் போட்ட தாய்மாமன்

மதுரை மண்ணில் இதுவரை பிறந்த தாய்மாமன்களிலேயே தலைசிறந்தவர் யார் என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: விசில் டீச்சர். மீசை கிடையாது. வேட்டி கட்டத் தெரியாது. கழுத்தில் விசில், காலில் கேன்வாஸ் ஷூ, டிராக் பேண்ட். கே.கே. நகரில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டின் மாடி போர்ஷனில் தனியாக இருந்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். சொந்தப் பெயர் வீட்டு ஓனருக்கு மட்டும்தான் தெரியும். அவரும் மறந்திருப்பார்.

காலையில் தண்ணி லாரி வந்ததும் மாடியிலிருந்து விசில் பறக்கும். அதுவரை எங்கள் காம்பவுண்டு வழக்கம், பெண்கள் குடம் தூக்குவார்கள், ஆண்கள் லாரி டிரைவரோடு அரசியல் பேசுவார்கள். டீச்சர் குடிவந்த சில நாளிலேயே அதற்கு முடிவு வந்தது. வெறுங்கையோடு வாசல் ஏறிய என் மூஞ்சிக்கு நேரே விசில் வெடித்தது.

“ஃபவுல் சார்!”

“என்ன டீச்சர்?”

“பின்னால உங்க மிஸஸ் ரெண்டு குடத்தோட வாராங்க. நீங்க கையை வீசிக்கிட்டு முன்னால போறீங்க. இது ஃபவுல் இல்லாம என்ன?”

என் மனைவி குடத்தை அங்கேயே இறக்கி வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து காம்பவுண்டில் எல்லா ஆண்களும் குடம் தூக்கினோம். எனக்கு இடுப்பில் வைக்க வராது, தோளில்தான்.

கேஸ் போடுகிறவர், கேபிள்காரர், வாட்டர் ஃபில்டர் விற்க வருகிறவர், யார் மாடி ஏறினாலும் ஒரே கேள்விதான். “வீட்ல ஆம்பளை யாரும் இல்லையாம்மா?”

“ஏன், தூக்கணுமா, இறக்கணுமா? எதுன்னாலும் நான் இருக்கேன், சொல்லுங்க.”

ஃபில்டர்காரர் சொல்ல வந்ததை மறந்து இறங்கிப் போய்விடுவார்.

இவ்வளவு வாய் பேசுகிற மனுஷிக்கு ஒரு சொந்தக்காரர்கூட வந்து நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காம்பவுண்டில் வீட்டுக்கு வீடு கறிக்குழம்பு வாசனையும் மச்சினன் சத்தமும் கேட்கும். டீச்சர் மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எல்லார் வீட்டு விருந்தாளிகளையும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

விஷயம் இதுதான். டீச்சருக்கு அண்ணன் தம்பி கிடையாது. ஒரே தங்கை, செல்வி. ஒத்தக்கடையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவர்கள் அப்பா இறந்தபோது, கொள்ளி வைக்க ஒரு பங்காளிப் பையனைத் தேடினார்கள். டீச்சர், “அப்பாவை ஆஸ்பத்திரியில பீ மூத்திரம் அள்ளிப்போட்டுப் பார்த்தது நான். கொள்ளியும் நானே வைக்கிறேன்” என்று வைத்துவிட்டார். செல்வியின் மாமனாருக்கு அது பெரிய அவமானம். அன்றோடு போக்குவரத்து நின்றது.

ஆனால் டீச்சர் விடவில்லை. கூடப் பிறந்தவன் இருந்தால் தங்கைக்குப் பொங்கல் சீர் கொண்டுபோவானா மாட்டானா? கரும்புக் கட்டை ஸ்கூட்டியில் நெட்டுக்கு வைத்துக் கட்டி, தோகை பின்னால் இரண்டு பக்கமும் ஆட, மேலூர் ரோட்டில் போவார். பின்னால் வருகிற டவுன் பஸ் ஓவர்டேக் பண்ணப் பயந்து ஊர்ந்து வரும். அங்கே வாசலோடு வாங்கிக்கொள்வார்களாம். “உள்ள வான்னு ஒரு வார்த்தை சொல்லல சார். கரும்பு மட்டும் உள்ள போச்சு” என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது. யாழினி. டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. “சார், காது குத்துன்னா என் மடியிலதான். நாந்தானே மாமன்” என்று காம்பவுண்டு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார். அந்தப் பிள்ளையைத் தன் மடியில் வைத்துக் காது குத்த வேண்டும். அதைத் தவிர இந்த உலகத்தில் அவர் வேறு எதையும் கேட்டு நான் கேட்டதில்லை.

ஒரு நாள் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். ஒத்தக்கடை முக்கில் வைத்திருந்த ஃப்ளெக்ஸின் போட்டோ. காதணி விழா. மூலையில் கூலிங் கிளாஸ் போட்ட ஓர் ஆள், கும்பிட்டபடி. கீழே ‘தாய்மாமன்’.

“இவரு யாருன்னு தெரியுதா சார்?”

“தெரியலையே டீச்சர்.”

“எனக்கும் தெரியல. எனக்குத் தம்பியாம்.”

விசாரித்ததில், ஒன்றுவிட்ட சித்தப்பா வழியில் எங்கோ தூரத்து உறவு. ஒரு பொங்கலுக்கும் எட்டிப் பார்க்காத ஆள். மடி ஆம்பளை மடியாக இருந்தால் போதும் என்று பிடித்து வந்திருக்கிறார்கள். டீச்சருக்கு அழைப்பும் இல்லை. “மாமனுக்கு எதுக்கு சார் பத்திரிகை?” என்றவர், சீருக்கு ஏற்பாடு செய்ய ஆரம்பித்துவிட்டார்.

தாய்மாமன் சீர் என்றால் எங்கள் பக்கம் சும்மாவா? மேளம் வேண்டும், வேட்டு வேண்டும், தட்டுத் தூக்க ஒரு தெரு ஜனம் வேண்டும். டீச்சருக்கு ஜனத்துக்கு எங்கே போக? தன் கபடி டீமைக் கூட்டி வந்துவிட்டார். பள்ளிப் பிள்ளைகள், மஞ்சள் பனியனில் நம்பரோடு, ஆளுக்கொரு சீர்த்தட்டு. கூடவே காம்பவுண்டிலிருந்து நாங்கள். என் கையில் வளையல் தட்டு. பின்னால் குட்டியானை வண்டியில் தொட்டில், சைக்கிள், வாழைத்தார். கல்யாண மண்டபத்துக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கி விசில் ஊதினார். கபடிப் பிள்ளைகள் பழக்க தோஷத்தில் லெஃப்ட் ரைட் போட்டு நடக்க, மேளக்காரர் தாளம் தவறி, கடைசியில் அவரும் லெஃப்ட் ரைட்டுக்கே அடித்தார். ஒத்தக்கடையே கடையை விட்டு வெளியே வந்து பார்த்தது.

வாசலில் செல்வியின் மாமனார் வழிமறித்தார்.

“யாருத்தா நீங்கள்லாம்?”

“மாமன் வீட்டுச் சீரு.”

“மாமன் உள்ள மேடையில உக்காந்திருக்காரு.”

“அப்படியா? புள்ளை பேரு என்னன்னு அவரைக் கேளுங்க பாப்போம்.”

யாரோ சிரித்துக்கொண்டே உள்ளே குரல் கொடுக்க, கூலிங் கிளாஸ் பதறிப்போய், பின்னால் கட்டியிருந்த ஃப்ளெக்ஸைத் திரும்பிப் பார்த்து வாசித்தார். மண்டபமே சிரித்தது. பெரியவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. “பேரு தெரிஞ்சா ஆச்சா? மடின்னா அது ஆம்பளை மடி. ஊரு பேசும்த்தா” என்றார்.

டீச்சர் அவரைத் தாண்டி, மேடையில் பிள்ளையோடு நின்ற தங்கையைத்தான் பார்த்தார்.

“செல்வி, நீ சொல்லு. நான் போகவா, இருக்கவா?”

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

“தட்டை எல்லாம் இறக்கி வைங்க. புள்ளைக்குக் கொண்டாந்தது” என்று சொல்லிவிட்டு டீச்சர் திரும்பி நடந்தார். சீரை மட்டும் ஒன்று விடாமல் உள்ளே எடுத்துக்கொண்டார்கள். சீர் யார் கொண்டு வந்தாலும் செல்லும் போலிருக்கிறது. வெளியே கபடிப் பிள்ளை ஒருத்தி, “மிஸ், சாப்பாடு?” என்றாள். அத்தனை பேரையும் பக்கத்துப் புரோட்டாக் கடைக்குக் கூட்டிப்போய் வயிறு முட்ட வாங்கிக் கொடுத்தார். அவர் இலையில் மட்டும் புரோட்டா ஆறிக் கிடந்தது.

அதற்குப் பிறகு லாரி வந்தால் விசில் இல்லை. எங்கள் ஆண்களில் சிலர் மெல்ல டிரைவர் பக்கம் ஒதுங்கினார்கள். என் மனைவி அவர்களைப் பார்த்து, “அவங்க ஊதலைன்னா நான் ஊதுவேன்” என்றாள். குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் மாடிக்குப் போகும். கிண்ணம் கழுவித் திரும்பி வரும், பேச்சு வராது. தனியாக இருக்கிறவர்கள் பேசாமல் இருந்தால் வீடே காலியானது போல இருக்கும்.

ஒரு சனிக்கிழமை முற்பகல், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு காம்பவுண்டு கேட்டில் செல்வி நின்றாள். டீச்சர் படியில் பாதியில் அப்படியே நின்றுவிட்டார்.

“புள்ளைக்குக் காது புண்ணாயிருச்சுக்கா. தோட்டைக் கழட்டினோம், ஓட்டை தூந்துபோச்சு. மறுக்கா குத்தணும்.” செல்வி பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள். “மறுக்கா குத்துறதுக்கெல்லாம் மாமன் எதுக்கு, நீயே போய்க் குத்திட்டு வான்னுட்டாக. நீ வாரியாக்கா?”

டீச்சர் விறுவிறுவென்று மேலே போனார். இறங்கி வந்தபோது பட்டுச்சேலை. நான் அடையாளம் தெரியாமல் விழித்தேன்.

“என்ன சார் பாக்குறீங்க? மாமன் வீட்டுல இருந்து ஒரு ஆளாவது வரணும்ல. சட்டையைப் போடுங்க.”

சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடினேன். தெருக்கோடியில் பத்தர் கடை. மேளம் இல்லை, வேட்டு இல்லை. பத்தர் ஊசியைத் துடைத்துக்கொண்டே, “மாமன் வாங்க, உக்காருங்க” என்று ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார். நான் நகரவில்லை. டீச்சரும் நகரவில்லை. அவர் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவரு இல்லைங்கய்யா” என்றாள் செல்வி. கடைக்கு வெளியே கேட்கிற மாதிரி சொன்னாள். “எங்கக்காதான் மாமன்.”

டீச்சர் உட்கார்ந்தார். பிள்ளையை மடியில் வாங்கினார். ஊசி இறங்கியதும் யாழினி போட்ட கத்தலில் பத்தர் கடைக் கண்ணாடி அதிர்ந்தது. டீச்சர் அதைவிடச் சத்தமாக அழுதார். பத்தர் பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

வீட்டுக்காரர் சாப்பாட்டுக்கு வருவதற்குள் செல்வி போயாக வேண்டும். பஸ் ஏற்றிவிட்டோம். மறுபடி எப்போது வருவாள் என்று அவளும் சொல்லவில்லை, டீச்சரும் கேட்கவில்லை. பஸ் மறைகிற வரை நின்றுவிட்டு, “நம்ம பக்கம் ஜனம் ரொம்பக் கம்மியாப் போச்சு, இல்ல சார்?” என்றார்.

எங்களுக்குள் ரத்த சம்பந்தம் ஒரு சொட்டும் கிடையாது. வீடு மாறி வந்தும் வருஷமாகிறது. ஆனால் ஒத்தக்கடை யாழினிக்கு நான் என்ன உறவு என்று யாராவது கேட்டால், மாமன் வீட்டுக்காரன் என்றுதான் சொல்வேன்.