தூண்டில் கடையில் நின்றது அடியேன்தான்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

தில்லைநகர் வேங்கடவரதன் ஸ்வாமி திருவடிகளில் ஸ்ரீரங்கம் சாரங்கபாணி தெண்டனிட்டு எழுதும் விண்ணப்பம். ரங்கநாதன் கிருபையில் இங்கு அடியேனும் சத்யபாமாவும் குழந்தை ஹம்ஸாவும் க்ஷேமம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். நம்புவதோடு நிற்க வேண்டியிருக்கிறது, மூன்று நாளாகத் தாங்கள் போனை எடுக்கவில்லை.

காரணம் தெரியும். மன்னார்புரத்தில் தூண்டில் சாமான் விற்கும் கடை வாசலில், நெற்றியில் திருமண்ணும் பல்லில் தூண்டில் நரம்புமாக அடியேன் நின்றதை, பஸ்ஸில் போன தங்கள் அத்திம்பேர் பார்த்துவிட்டார். "ஸ்ரீரங்கத்துக்காரர் கொள்ளிடத்துல மீன் பிடிக்கிறாராம், இந்த சம்பந்தம் நமக்கு வேண்டாம்" என்று அங்கே பேச்சு அடிபடுவதாகக் கேள்வி. ஸ்வாமி, அடியேன் மீனைக் கிட்டத்தில் பார்த்தது மத்ஸ்யாவதாரப் படத்தில் மட்டும்தான். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்கிற நேரத்தில் இப்படி ஒரு பழி வந்திருப்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தாங்கள் பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாள் ஹம்ஸாவின் அறையில் யுகுலேலே என்று ஒரு வாத்தியம் இருந்தது. கிடார் குட்டி போட்டது மாதிரி இருக்கும். தந்தி நாலே நாலு, அதிலும் ஒன்று அறுந்திருந்தது. "யாரோடதுடி?" என்றேன். "ஃப்ரெண்டோடதுப்பா. தந்தி மாத்தித் தரேன்னு வாங்கி வச்சிருக்கேன்" என்றாள். முப்பத்தோரு வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தி, சோனோமீட்டர் என்கிற சுரமானிக் கம்பியில் எடை கட்டித் தொங்கவிட்டவன் சும்மா இருப்பேனா? நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

முதலில் சத்யபாமாவின் வீணைக் கம்பியைப் போட்டு முறுக்கினேன், தந்தியைத் தாங்கும் குதிரைக் கட்டை பெயர்ந்து சாம்பாருக்குள் விழுந்தது, அலம்பிக் காயவைத்து ஒட்டிவிட்டு ஆன்லைனில் ஒரு பாக்கெட் வரவழைத்தால் அதன்மேல் செயற்கைக் குடல் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது, அந்தக் காலத்து ஆட்டுக்குடல் தந்தி மாதிரி செய்த பிளாஸ்டிக்தான் என்று சத்தியம் செய்தும் சத்யபாமா கேட்கவில்லை, "செயற்கையோ இயற்கையோ, குடல்னு பேர் வச்சது இந்த ஆத்துக்குள்ள இருக்கப்படாது" என்று இடுக்கியால் எடுத்துக் கொல்லையில் போட்டுவிட்டாள், பிறகு நைலான் வாங்கினேன், காலையில் ஸ்ருதி சேர்த்தால் பெருமாளைச் சேவித்துவிட்டு வருவதற்குள் இறங்கிக் கிடக்கும், புது நைலான் இழுபட்டு அடங்க நாளாகும் என்பது அதைக் கழற்றி எறிந்த பிறகுதான் தெரிந்தது. போதாக்குறைக்கு நாலாவது தந்தி மூன்றாவதைவிட மெல்லிசாக இருந்தது. பாக்கெட் போட்டவன் மாற்றிப் போட்டுவிட்டான் என்று இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதினேன். இந்த வாத்தியத்தில் அப்படித்தானாம், நாலாவது தந்தி மேல் ஸ்தாயியில் பேசுமாம். இதைக் காசு கொடுத்து வாங்கிய அசடு யாரோ, பெற்றவர்கள் வளர்த்த லட்சணம் அப்படி என்று வாய்விட்டே சொன்னேன். ஹம்ஸா ஏனோ சிரித்தாள்.

அவள்தான், "ஃப்ளோரோகார்பன் போட்டா கணீர்னு இருக்கும்ப்பா. தூண்டில் நரம்புலயே அது கிடைக்கும்" என்றாள். மன்னார்புரம் போனேன். கடைக்காரர் பெனடிக்ட் என் நெற்றியைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சார். எத்தனை கிலோ மீனுக்கு வேணும்?"

"மீனுக்கு இல்லைங்க, வாத்தியத்துக்கு."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் ஏதாவது சொல்லுவாங்க சார்" என்று மூன்று சுருளை எடுத்து வைத்தார்.

ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்குவது எப்படி? ஒரு முனையைக் கடைக் கம்பிக்கதவில் கட்டி, மறுமுனையைப் பல்லில் கடித்து, விரலால் மீட்டினேன். தடிசு தொண்டை கட்டியது போல் முனகிற்று. மெல்லிசு கொசுவாக இரைந்தது. நடுவில் உள்ளது கணீரென்று பேசிய அந்த நிமிஷம்தான் பஸ் வந்து நின்றது.

இதற்கு முன் நாலு வரனை வேண்டாமென்றவள் ஹம்ஸா. தங்கள் பிள்ளை வந்துபோன பிறகு வீட்டில் பாடிக்கொண்டே நடக்கிறாள். என்னால் அது கெட்டுவிடுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை, ஸ்வாமி.

மாமிக்கு சத்யபாமாவின் நமஸ்காரங்கள். ஆபீசும் சந்தியாவந்தனமும் தவிர வேறொன்றும் அறியாத சிரஞ்சீவி ஹ்ருஷிகேஷ், இதுபோன்ற வாத்தியங்களின் காற்றுக்கூடப் படாமல் நூறாண்டு வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
அடியேன் தாஸன்
சாரங்கபாணி

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது ஹம்ஸா கடிதத்தை வாங்கிப் படித்தாள். அந்த யுகுலேலே தங்கள் குமாரனுடையதாம். தங்களுக்குப் பயந்து மூன்று வருஷமாகக் கார் டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாராம். பெண் பார்க்க வந்த அன்று, நாம் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இவளிடம் கொடுத்துவைத்தாராம். தூண்டில் நரம்பு யோசனையும் அவருடையதுதானாம். அசடு, வளர்த்த லட்சணம் என்று மேலே வரும் வார்த்தைகளைத் தாங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளவும். வேறு தாளில் எழுதுகிறேன் என்றால், "அப்படியே அனுப்புங்கோப்பா, அவரும் எத்தனை நாளைக்கு ஒளிச்சு வைப்பார்?" என்கிறாள். சம்பந்தம் வேண்டாம் என்று தாங்கள் முடிவு செய்தாலும் வாத்தியத்தை அவள் திருப்பித் தருவதாக இல்லை. வாசிக்க அவரை இங்கே அனுப்பினால் போதுமாம்.