ஆடி அமாவாசையும் அப்பளத்தை மட்டும் எடுத்த காக்காவும்

நேத்து ஆடி அமாவாசை. அப்பாவுக்குச் சோறாக்கி காக்காவுக்கு வைக்கணும். வேலை அம்புட்டுத்தான்.

வருசாவருசம் இதை டி. கல்லுப்பட்டியில இருக்கிற எங்க அக்காதான் செய்யும். இந்த வருசம் யாரோ ஒரு மகராசன் அதுகிட்ட, "ஆம்பளப் பிள்ளை ஒருத்தன் இருக்கையில பொம்பளப் பிள்ளை சோறு வச்சா சேராது. அதான் உன் மக கலியாணம் தட்டிப் போகுது"ன்னு சொல்லிட்டாரு. பதினாறு வருசமா அந்தச் சோத்தைத் தின்ன காக்காகளுக்கு இந்த விவரம் தெரியாது போல.

முந்தாநாள் சாயங்காலம், பெட்ரோல் பங்க்குக்கு நைட் டியூட்டி கெளம்பும்போது போன்.

"தம்பி, நாளைக்கு நீ வச்சிரு. சோறு, சாம்பார், வாழைக்கா பொரியல், பூசணிக்கா கூட்டு, அவரைக்கா, அப்பளம், வடை, பாயசம். எட்டு."

"ஒரு ஆளுக்கு எதுக்குக்கா எட்டு?"

"ஒரு ஆளுக்கு இல்லடா. அப்பாவுக்கு."

"சரி, காக்கா எம்புட்டுத் திங்கும்?"

"திங்கிறதா கணக்கு? மனசுதான்டா கணக்கு."

மனசுக்கு எட்டு அயிட்டம். எனக்கு இருக்கிறது ஒரு அடுப்பு, ஒரு குக்கர், ஒரு வாணலி. என்னோட இந்தச் சமையல் பக்கத்தைப் படிக்கிறவங்களுக்குத் தெரியும், நான் 'தனியாளுக்கு இருபது நிமிசச் சமையல்' ஆளு. அரிசி, பருப்பு, காய் எல்லாத்தையும் ஒரே குக்கர்ல போட்டு மூணு விசில் விட்டு, அதுக்கு மூணு பத்தி எழுதுற ஆளு. என்கிட்ட வந்து வடை!

"உளுந்தை ஊறப் போட்டு ஆட்டணும். ஒரு காக்காவுக்காக நான் கிரைண்டர் வாங்கவா?"

பேரம் நடந்துச்சு. அவரைக்கா போச்சு. பாயசம் போச்சு. கடைசியா, "வடையும் வேணாம், போ. அப்பளமாச்சும் பொரி"ன்னு அக்கா எறங்கி வந்துச்சு. ஜெயிச்சுட்டோம்னு நினைச்சேன்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க. படையல் சோத்தை ருசி பாக்கக் கூடாது. காக்கா சாப்பிட்ட பெறகுதான் நீ சாப்பிடணும். அதுவரைக்கும் நானும் பச்சத் தண்ணி பல்லுல படாம இருப்பேன்."

"உனக்குத்தான் சுகர் இருக்கேக்கா?"

"அப்ப சீக்கிரமா வை."

காலையில ஆறு மணிக்கு டியூட்டி முடிஞ்சு தல்லாகுளத்துல எறங்கி காய் வாங்கப் போனேன்.

"வாழைக்கா ஒண்ணு. பூசணிக்கா ஒரு கீத்து. தக்காளி ரெண்டு."

காய்க்காரம்மா என்னைய ஏற இறங்கப் பார்த்துச்சு.

"எதுக்குண்ணே, மருந்து அரைக்கவா?"

"ஒரு ஆளுக்கு."

"ஒரு ஆளுன்னாலும் அந்த ஆளு மனுசன்தானண்ணே?"

காக்கான்னு சொல்லலை. காலங்காத்தால எதுக்கு வம்பு.

மொட்டை மாடி ரூமுக்கு வந்து, குளிச்சு, அடுப்பைப் பத்த வச்சேன். அப்பதான் ஒரு உண்மை உறைச்சுச்சு. நான் சமைக்கிறதே ருசி பார்த்துப் பார்த்துத்தான்! கொதிக்கையில ஒரு கரண்டி, எறக்கையில ஒரு கரண்டி. சமைச்சு முடிக்கையில பாதி வயிறு ரொம்பியிருக்கும். ருசி பார்க்காமச் சமைக்கிறது எனக்குக் கண்ணைக் கட்டிக்கிட்டு வண்டி ஓட்டுற மாதிரி.

சரி, நமக்கு வாத்தியாரு எப்பவுமே செல்போன்தான். வீடியோவைத் திறந்தேன். அந்தம்மா கடுகு எத்தனை, சீரகம் எத்தனைன்னு எண்ணி எண்ணிச் சொல்லுச்சு. உப்பு வந்ததும், "தேவையான அளவு"ன்னு சொல்லிட்டுச் சிரிச்சுச்சு.

யாருக்குத் தேவையான அளவும்மா? அதைத் தெரிஞ்சுக்கத்தான வீடியோவே பாக்குறோம்!

வேற வீடியோ. அங்கயும் 'தேவையான அளவு'. மூணாவது ஆளு, "உங்க கைக்குத் தெரியும்"ன்னாரு. என் கைக்கு டீசல் எது, பெட்ரோல் எதுன்னு தெரியும். உப்பு தெரியாது.

ராத்திரி பூரா முழிச்ச கண்ணு வேற. சாம்பார் கொதிக்கிற சத்தத்துல அப்பப்ப சொக்கிருச்சு. முழிப்புத் தட்டுறப்பெல்லாம், 'உப்புப் போட்டமா?'ன்னு ஒரு சந்தேகம். சந்தேகம் வந்தப்பெல்லாம் போட்டேன்.

பதினொன்றரைக்கு கைப்பிடிச் சுவத்துல இலையை விரிச்சேன். சோறு, சாம்பார், கூட்டு, பொரியல், அப்பளம். பார்க்கிறதுக்குப் பிரமாதமா இருந்துச்சு. எங்கப்பா இருந்த வரைக்கும் அவருக்கு நான் ஒரு டீ கூடப் போட்டுக் குடுத்ததில்லை. போய்ச் சேர்ந்த பெறகு ஃபுல் மீல்ஸ்.

"கா... கா... கா..."

தண்ணித் தொட்டி மேல மூணு காக்கா இருந்துச்சு. ஒண்ணு எறங்கி வந்துச்சு. இலையைச் சுத்தி நடந்துச்சு. ஒரே ஒரு பருக்கையைக் கொத்துச்சு.

நின்னுச்சு.

தலையைச் சாய்ச்சு என்னையப் பார்த்துச்சு. பருக்கையைக் கீழே போட்டுட்டு, மூக்கைச் சுவத்துல இந்தப் பக்கம் ஒரு தேய், அந்தப் பக்கம் ஒரு தேய். அப்பளத்தைக் கவ்விக்கிட்டுப் போயிருச்சு.

இலையில கடையில வாங்கின ஒரே அயிட்டம் அந்த அப்பளம்தான்.

போன் அடிச்சுச்சு.

"அப்பா சாப்பிட்டாரா?"

"அப்பளம் சாப்பிட்டாருக்கா."

"அப்பளம் சோறாகாது. சோத்தைக் கொத்தினாரா?"

"கொத்தினாரு... ஆனா வச்சுட்டாரு."

"பக்தியாக் கூப்பிடு. கடங்காரனைக் கூப்பிடுற மாதிரி கூப்பிட்டிருப்ப!"

பக்தியா ஒரு மணி நேரம் கூப்பிட்டேன். தொண்டை கட்டி, என் சத்தமே காக்கா சத்தம் மாதிரி ஆயிருச்சு. தொட்டி மேல இருந்ததுகளுக்கு அதுவும் பிடிக்கலை.

பக்கத்து மாடியில செல்வி இலையோட வந்துச்சு. தாலுகா ஆபீஸ்ல வேலை பார்க்கிறவரு சம்சாரம். அது கையில வடை, பாயசத்தோட முழு மரியாதை. இலையை வச்சுட்டு 'கா'ன்னு ஒரே ஒரு தடவைதான் சொல்லுச்சு. மூணு காக்காவும் அங்க எறங்கிருச்சு!

"யாருக்கும்மா வைக்கிற?"ன்னேன்.

"எங்க மாமியாருக்குண்ணே. உசுரோட இருந்தப்ப என் சோத்தை ஒருநா நல்லாருக்குன்னு சொன்னதில்லை. இப்பப் பாருங்க, தலை நிமிராமச் சாப்பிடுறாக. செத்த பெறகுதான் நாக்கு வேலை செய்யுது."

எனக்குள்ள சாத்தான் அப்பதான் புகுந்தான். வீடியோ கால் போட்டேன். போனை எட்டிப் பிடிச்சு, செல்வி வச்ச இலையை மட்டும் தெரியிற மாதிரி காட்டினேன்.

"அக்கா, பார்த்தியா? சாப்பிடுறாரு. குடும்பத்தோட சாப்பிடுறாரு."

அக்கா உத்துப் பார்த்துச்சு. எட்டாவது வரைக்கும்தான் படிச்சது. போலீஸ்ல சேர்ந்திருந்தா மதுரையே வேற மாதிரி இருந்திருக்கும்.

"நீ எப்படா வடை சுட்ட?"

நான் போனைக் கீழே எறக்கிட்டேன்.

"செத்த அப்பனுக்கே போலி போடுறியாடா?"

செல்வி இரக்கப்பட்டு, "விடுங்கண்ணே, எங்க மாமியாரையே நீங்களும் வச்சுக்கிடுங்க. எங்களுக்கு அம்புட்டா வேண்டியதில்லை"ன்னுச்சு.

இந்தச் சத்தத்துல வீட்டு ஓனர் மேல வந்துட்டாரு. கோர்ட்டுல எழுத்தரா இருந்து ரிட்டயர் ஆனவரு. பல் தேய்க்கிறதைக் கூட ஆர்டர் போட்டுத்தான் தேய்ப்பாரு. விசயத்தைச் சொன்னேன். இலையைச் சுத்தி வந்து பார்வையிட்டாரு.

"அப்பளத்தை எடுத்திருக்கு. சோத்தைத் தொடலை. இது செல்லாது."

"அதைத்தான் சார் அக்காவும் சொல்லுது."

"மூணு தடவை கூப்பிட்டியா?"

"முந்நூறு தடவை கூப்பிட்டேன் சார்."

"நீ கூப்பிட்டது கோர்ட்டு முறையில வராது. உங்கப்பா பேரு என்ன?"

"காளிமுத்து."

தொண்டையைச் செருமிக்கிட்டு, கோர்ட்டு வாசல்ல டவாலி கூப்பிடுற மாதிரி கூப்பிட்டாரு பாருங்க! "காளிமுத்தூ... காளிமுத்தூ... காளிமுத்தூஊ!"

செல்வி இலையில சாப்பிட்டுக்கிட்டு இருந்ததும் சேர்த்து, தெருவுல இருந்த அம்புட்டுக் காக்காவும் பறந்து போச்சு.

"ஆஜராகலை. ஆளு வரலைன்னு எக்ஸ்பார்ட்டி பண்ணிட்டு நீ சாப்பிடலாம்"னு தீர்ப்புச் சொல்லிட்டு எறங்கிப் போயிட்டாரு. "எங்க மாமியாரு பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சுட்டாகளே!"ன்னு செல்வி அவரு முதுகைப் பார்த்துத் திட்டுச்சு.

மணி ரெண்டு. மறுபடி போன். இந்தத் தடவை வீடியோ கால்ல அக்கா மக பிரியா.

"மாமா, அம்மாவுக்குக் கை நடுங்குது. வேர்த்துக் கொட்டுது. சர்க்கரையாச்சும் வாயில போடும்மான்னா வாயைத் திறக்க மாட்டேங்குது. ஏதாச்சும் பண்ணுங்க மாமா."

அதுவரைக்கும் இருந்த சிரிப்பெல்லாம் போயிருச்சு.

"போனை அம்மாகிட்டக் குடு."

அக்கா மூஞ்சி திரையில வந்துச்சு. வெளிறிப் போயி, உதடு காய்ஞ்சு.

"அக்கா, சாப்பிடுக்கா. காக்காவுக்கு என்ன தெரியும்? அது ஒரு பறவை."

"அப்பா கோவமா இருக்காருடா. பதினாறு வருசத்துல ஒருநா இப்பிடி நடந்ததில்லை. பிரியாவுக்குத் தட்டிப் போறது இதனாலதான். அவரு சாப்பிடாம நான் எப்பிடிடா சாப்பிட?"

அந்த மகராசன் மட்டும் அப்ப கையில கிடைச்சிருந்தா இலையில அவரைத்தான் வச்சிருப்பேன்.

அக்கா என்னையவே கொஞ்ச நேரம் பார்த்துச்சு.

"போனை இன்னும் பக்கத்துல வை. கன்னத்துல முடி நரைச்சு, கண்ணுக்குக் கீழ தொங்கி... அப்பா சாடை அப்பிடியே வந்திருச்சேடா உனக்கு."

நாப்பத்தெட்டு வயசுல, தூக்கம் கெட்ட மூஞ்சிக்குக் கிடைச்ச பாராட்டு.

"நீ சாப்பிடு. நான் பாக்குறேன். நீ வயிறாரச் சாப்பிட்டா அவரு சாப்பிட்டதாவே நெனச்சுக்கிடுறேன். ஆனா ஒண்ணு. மிச்சம் வைக்கக் கூடாது. மூஞ்சியைச் சுளிச்சா நான் சாப்பிட மாட்டேன்."

"இம்புட்டுத்தானக்கா? இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல!"

போனைச் சுவத்துல சாய்ச்சு வச்சேன். இலையைக் கீழ எறக்கி வச்சு, சம்மணம் போட்டு உக்காந்தேன். சாம்பாரைப் பிசைஞ்சு முதல் வாய் வச்சேன்.

ஆடி அமாவாசைக்கு ஊரு உலகமே ராமேஸ்வரம் போயிக் கடல்ல முழுகும். நான் அந்தக் கடலை மாடிக்கே கொண்டு வந்து இலையில ஊத்தியிருந்தேன்.

"எப்பிடிடா இருக்கு?"

நாக்கு மரத்துப் போச்சு. கண்ணுல தண்ணி.

"நல்லாருக்குக்கா."

"கண்ணு ஏன் கலங்குது?"

"அப்பா நெனப்புக்கா."

அக்காவும் முந்தானையால கண்ணைத் துடைச்சுச்சு. "கூட்டு எப்பிடி?"

கூட்டை எடுத்தேன். சாம்பாருக்கு அண்ணன்.

"அதுவும் நல்லாருக்குக்கா. நீ ஒரு வாய் வை. அப்பதான் எனக்கு எறங்கும்."

பிரியா ஊட்டி விட்டுச்சு. நான் ஒரு வாய், அக்கா ஒரு வாய். அங்க முகத்துல ரத்தம் வர வர, இங்க எனக்கு ரத்தக் கொதிப்பு வர்ற மாதிரி இருந்துச்சு. செல்வி ஒரு செம்புத் தண்ணியைக் கைப்பிடிச் சுவத்துக்கு மேல நீட்டி, மெதுவாச் சொல்லுச்சு: "குடிச்சுக்கிட்டே தின்னுங்கண்ணே. துணி காயப் போடயில காக்கா மூக்கைத் தேய்ச்சதைப் பார்த்தப்பவே எனக்குத் தெரியும்."

இலை காலி. அக்கா மாத்திரையும் போட்டாச்சு. முகம் தெளிஞ்சு, "இம்புட்டு ருசியாச் சமைப்பேன்னு தெரியாமப் போச்சேடா. அள்ளி அள்ளித் தின்னியே! இனிமே அமாவாசைக்கு அமாவாசை நீயே வச்சிரு"ன்னு சொல்லிட்டு போனை வச்சுச்சு.

நாலு செம்புத் தண்ணி குடிச்சேன். தாகம் அடங்கலை. படுத்தேன், தூக்கமும் வரலை. இந்தப் பக்கத்துல என் சமையலுக்கு லைக் போடுற உங்கள்ல ஒருத்தர் கூட இதுவரைக்கும் செஞ்சு பார்த்திருக்க மாட்டீங்கன்னு படுத்துக்கிட்டே யோசிச்சேன். நல்லது. அப்படியே இருங்க.

இத்தனை வருசமா என் சமையலைக் குறை சொல்லாமச் சாப்பிட்டுக்கிட்டு இருந்த ஒரே ஆளு நான்தான். நேத்தோட அந்த ஆளும் போயாச்சு.