டிக் போட்ட சப்பாத்தும் ரிஜெக்ட் அக்காவும்

இந்த நாட்டில் பொய் சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார முடியாத ஒரே இடம், சுங்கை காடுட் தொழிற்சாலைக்குப் போகும் எங்கள் பஸ்தான். அதில் ரிஜெக்ட் அக்கா வருவார்.

பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியில் நானும் அவரும் ஒரே லைன். மூடியில் மயிரிழை அளவு கீறல் இருந்தாலும் "ரிஜெக்ட்!" என்று சிவப்புக் கூடையில் வீசுவது அக்காவின் வேலை. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். வம்பு என்னவென்றால், மனிதர்கள் வாயிலிருந்து வருவதையும் அவர் அதே கண்ணால்தான் பார்ப்பார்.

"வெந்தயத் தண்ணி குடிச்சா ஒரே வாரத்துல சர்க்கரை ஓடிடுமாம்க்கா," என்பாள் பஸ்ஸில் ஒருத்தி.

"எங்க ஓடும்? சிரம்பானுக்கா? ரிஜெக்ட்!"

ஒருமுறை எங்கள் ரப்பர் தோட்டத்துக் கோயில் ஐயர் மைக்கில், "ஆயிரம் வருஷத்துக் கோயில்" என்றார். "சாமி, இங்க ரப்பர் மரம் நட்டே அவ்வளவு நாள் ஆகலயே!" என்று கூட்டத்திலிருந்து அக்கா குரல். ஐயர் அங்கேயே நூறாகக் குறைத்துவிட்டு, அது சரிதானா என்று அக்கா முகத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் எல்லார் கைப்பேசிக்கும் அந்தச் செய்தி வந்தது. உலகம் பூரா விற்கிற ஓட்டப்பந்தயச் சப்பாத்தில் இருக்கிறதே ஒரு டிக், அது லாபு பக்கத்திலுள்ள எங்கள் தோட்டத்தில் பிறந்ததாம். காலைப் பெரட்டில் ஆள் எண்ணும்போது, கணக்கெழுதும் கிராணி ஐயா போட்ட டிக்கைத்தான் வெள்ளைக்காரத் துரை கப்பலேற்றிக் கொண்டுபோனாராம். கூடவே எண்பது தாண்டிய கிராணி ஐயாவின் படம்.

தோட்டம் துள்ளிக் குதித்தது. கோயில் தலைவர் 'உலகுக்கே டிக் தந்த தோட்டம்' என்று நூறு டி-சட்டை அடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் பாராட்டு விழா.

"இத மட்டும் விட்டுடுங்கக்கா. நம்ம தோட்டத்துக்குப் பெருமை லா," என்று கெஞ்சினேன்.

"ரெண்டு நாளா தேடிப் படிச்சிட்டேன்டி. அத வரைஞ்சது அமெரிக்காவுல படிச்சிக்கிட்டிருந்த ஒரு பொண்ணு. பொம்பள வரைஞ்சத நம்ம ஆளு பேருல எழுதிக்கிட்டா அது பெருமையா? திருட்டு!"

ஞாயிறு. மேடையில் கிராணி ஐயாவுக்குப் போடத் தலைவர் மாலையைத் தூக்கினார். அக்கா எழுந்தார். கைப்பையைப் பிடித்து இழுத்தேன். பை என்னிடம் நின்றது, அக்கா மேடைக்குப் போய்விட்டார். மைக்கைப் பிடுங்கி அந்தப் பெண்ணின் கதையைச் சொல்லி முடித்தார்.

"நூறு சட்டை அடிச்சாச்சும்மா!" என்று அலறினார் தலைவர்.

"சட்டை நல்லாத்தான் இருக்கு. சேதிதான் ரிஜெக்ட்." பிறகு பெரியவரிடம் திரும்பினார். "ஐயா, நீங்களே சொல்லுங்க. பெரட்டுல டிக்கா போட்டீங்க?"

"இல்லம்மா. வந்தவங்களுக்கு ஒரு கோடு, வராதவங்களுக்கு முட்டை."

மண்டபம் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. "அத ஏன்யா முன்னாடியே சொல்லல?"

"வேலைய விட்டு இருபது வருஷமாச்சு. ஒருத்தரும் வீட்டுப் பக்கம் வரல. திடீர்னு எல்லாரும் வந்து கையப் புடிச்சுப் பேசுறீங்க. இல்லன்னு சொல்ல வாய் வரலப்பா."

சிரிப்பு நின்றது. பெரியவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். அக்காவின் முகம் தொங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"உக்காருங்கய்யா," என்றார். "நான் இன்னும் முடிக்கல." மைக்கை இறுகப் பிடித்தார். "நான் பொறந்த புதுசு. எங்கம்மா எனக்குப் பால் குடுத்துட்டுப் பெரட்டுக்கு ஓடுறதுக்குள்ள நேரம் ஆயிடும். முட்டை விழுந்தா அன்னைக்கு அடுப்பெரியாது. துரைக்குத் தெரியாம தினமும் கோடு போட்டவரு இவரு. சாகுற வரைக்கும் அம்மா சொல்லிக்கிட்டே இருந்துச்சு. மாலைய இதுக்குப் போடுங்க!"

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "எங்கம்மாவுக்கும் போட்டாரு!" என்றாள். அப்புறம் இன்னொருத்தி. மாலை விழுந்தது. கிராணி ஐயா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிவந்து, "என் பையி எங்கடி?" என்று என்மேல் பாய்ந்தார்.

தலைவர் பல மாதம் அந்தச் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியத்தான் போட்டுக்கொண்டு திரிந்தார்.

அக்கா இப்போது ஓய்வுபெற்று, செண்டாயானில் மகள் வீட்டில் இருக்கிறார். நான் எழுதுகிற இந்தப் பத்திரிகையை எழுத்து விடாமல் படிக்கிறாராம். அதனால் எதை எழுதினாலும் மூன்று முறை சரிபார்த்துத்தான் அனுப்புவேன். இந்தக் கட்டுரையில் மட்டும் எங்கேயோ ஒரு தப்பை வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறேன். கண்டுபிடித்துப் போன் போட்டுத் திட்டட்டும். அவர் குரலைக் கேட்டு ரொம்ப நாளாகிறது.