சகலை வீடு தவிர

பூட்டு ரிப்பேர்க்காரர் பல் விளக்கும்போதே முடிவு கட்டிவிட்டார். இன்றைக்கு ஊர் முழுக்கப் பார்த்தாக வேண்டும். குதிரை வண்டியில் பார்க்க வேண்டும். பொழுது சாயும்வரை இறங்கவே கூடாது.

ஊர் பார்க்கிற ஆசையா? அதெல்லாம் ஒன்றுமில்லை. ஒரு கடைக்காரரின் இரும்புப் பெட்டியைத் திறக்க வந்த வேலை நேற்றே முடிந்துவிட்டது. ரயில் ராத்திரிக்குத்தான். அந்தப் பழைய ராஜா காலத்து ஊரில்தான் அவருடைய சகலை வீட்டோடு மாவு மில் வைத்திருக்கிறார். முன்பு ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் எதிரில், "நம்ம சகலை பொண்டாட்டியைக் கேக்காம தும்மக்கூட மாட்டாரு" என்று சொல்லிவிட்டார் அந்த மனுஷன். அன்றைக்குப் போட்ட சபதம், அவர் வாசப்படியை மிதிப்பதில்லை என்று.

லாட்ஜ் அறையில் மனைவி தலை வாரிக்கொண்டே பேச்சை ஆரம்பித்தாள்.

"என்னங்க, அக்காவுக்குப் பேத்தி பிறந்திருக்கு. ஒரு எட்டு பாத்துட்டு..."

"பேச்சே கிடையாது."

"சரிங்க."

அவள் வாயிலிருந்து 'சரிங்க' அத்தனை சீக்கிரம் வந்தால் புருஷன் உஷாராக வேண்டாமா? இவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

வண்டிக்காரரிடமும் கறாராகப் பேசினார். "மணிக்கூண்டு, அரண்மனை, கோட்டை, எங்க வேணும்னாலும் ஓட்டு. மாவு மில் தெருப் பக்கம் மட்டும் குதிரை மூஞ்சி திரும்பக் கூடாது."

"திரும்பினா?"

"நான் குதிச்சிடுவேன்."

மணிக்கூண்டு பார்த்தார்கள். அரண்மனை பார்த்தார்கள். இவர் வாய் ஓயாமல் விளக்கினார். அவள் ஒவ்வொன்றுக்கும் "அப்படியாங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். தங்கமான பெண்டாட்டி!

கோட்டை வாசலில் ஆட்டுக்குட்டி அளவுக்கு ஒரு பூட்டு தொங்கியது. அதைப் பார்த்த பிறகு வண்டியில் உட்கார முடியுமா அவரால்? இறங்கினார். தடவினார். தட்டிப் பார்த்துக் காதை வைத்துக் கேட்டார். கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா? கோட்டை கட்டின அன்னைக்கே மாட்டின பூட்டு. கதவும் இதுவும் கூடப் பிறந்ததுங்க."

அவள் கொட்டாவி விட்டாள். "அத்தான் வேற மாதிரில்ல சொன்னாரு."

"எந்த அத்தான்?"

"அக்கா வீட்டுக்காரர்தான். இது டூப்ளிகேட்டாம். அசல் எப்பவோ காணாமப் போயிடுச்சாம்."

"மாவு அரைக்கிறவன் பூட்டைப் பத்திப் பேசறானா?"

"ஊரே அவரு சொல்றதைத்தான் நம்புதாம். நமக்கெதுக்குங்க? வாங்க, கல்பாலம் பாப்போம்."

"பாலம் எங்கயும் ஓடிப் போகாது! ஒரு பூட்டைப் பாத்து இப்படிச் சொன்னவனைச் சும்மா விடறதா?"

"விடாம என்ன பண்றது? ராத்திரி நாம ரயில் ஏறிடுவோம். அவரு சொன்னதே நிலைச்சிடும். போகட்டும் விடுங்க."

போகட்டுமா? பரம்பரையாகச் சாவி பிடித்த கை வண்டிக் கம்பியைப் பிடித்தது. ஒரே தாவில் வண்டியில் ஏறினார்.

"விடுய்யா, மாவு மில் தெருவுக்கு!"

"ஐயா, குதிரை மூஞ்சி..."

"மூஞ்சியாவது முதுகாவது, ஓட்டு!"

"வேணாங்க, சபதம் போட்டிருக்கீங்க" என்று அவள் கையைப் பிடித்தாள்.

"நான் போட்ட சபதம், நானே உடைக்கறேன். இதுக்கும் உன்னைக் கேக்கணுமா?"

"நான் ஒண்ணும் சொல்லலைங்க."

வாசலில் வண்டி நின்றதுதான் தாமதம், அவளைக் காணோம். இவர் உள்ளே நுழைவதற்குள் அவள் மடியில் பேத்தி, பக்கத்தில் அக்கா. இவர் அதையெல்லாம் கவனிக்கிற நிலைமையிலா இருந்தார்? நேரே சகலை முன்னால் போய் நின்றார்.

"கோட்டைப் பூட்டு டூப்ளிகேட்டுன்னு எந்த வாயால சொன்னே?"

புருவமெல்லாம் மாவாக நின்ற சகலை திருதிருவென விழித்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க சகலை. கோட்டையில பூட்டு வேற இருக்கா? நான் அந்தப் பக்கமே போனதில்லையே!"