முப்பத்தெட்டு கிலோ திருஷ்டி பொம்மை

கூச்ச சுபாவக்காரர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, கூச்சப்பட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடும். இன்னொரு வகை, 'வரவில்லை' என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் மாட்டிக்கொள்ளும். நான் இரண்டாவது வகை. (பெண் பார்க்க வந்ததும் அப்படித்தான் என்று என் மனைவி சொல்வாள். நான் மறுப்பதில்லை. மறுக்கவும் கூச்சம்.)

இது நடந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிவிட்டுப் போய் ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசை நாங்கள் பிரெஞ்சில் 'மேரி' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஒதியம்பட்டில் அப்பாவோடு வயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வில்லியனூர் மளிகைக்கடைக்காரர் மகன் மைதீன் என் கூட்டாளி. அவன் ஒரு நாள் சைக்கிளை நிறுத்தி, "டேய் சேகரு, எங்க சங்கத்துல ஒம்பேரையும் எழுதிட்டேன்டா" என்றான். என்ன சங்கம் என்றுகூடக் கேட்கவில்லை. தலையை ஆட்டினேன்.

குழந்தைகளின் பசியைப் போக்கப் பிரசாரம் செய்யும் சங்கமாம். மொத்தம் ஏழு பேர். தலைவி சரோஜா அக்கா. இருபது வயது, வாத்தியார் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தார். பத்திரிகையிலிருந்து வெட்டிய ஒரு படத்தை எங்களிடம் காட்டினார். ஏதோ ஒரு தூர தேசத்துப் பிள்ளை. வயிறு பானை மாதிரி, கால் இரண்டும் துடைப்பக்குச்சி மாதிரி.

"உலகம் பூரா இந்தப் புள்ளைங்களுக்காகச் சின்ன வயசுக்காரங்க கெளம்பியிருக்காங்க. நாமளும் கெளம்பணும்" என்றார். பிறகு படத்தை மடித்தார். "இது எங்கயோ இருக்கிற புள்ளன்னு நெனச்சிடாதீங்க. மீன்காரி அஞ்சல இடுப்புல ஒண்ணு இருக்குதே, அத என்னிக்காவது பாத்திருக்கீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. அஞ்சலை எங்கள் தெருவுக்கு வாரத்தில் மூன்று நாள் வருவாள். பூரணாங்குப்பம் தாண்டிக் கடற்கரையோரம் ஒரு குப்பம். அங்கிருந்து தலையில் கூடையும் இடுப்பில் பிள்ளையுமாக நடந்தே வருவாள். எத்தனையோ முறை அவளிடம் மீன் வாங்கியிருக்கிறேன். மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்திருக்கிறேன். பிள்ளையின் முகத்தைப் பார்த்ததில்லை.

அடுத்த முறை பார்த்தேன். பேர் முத்து. ஒன்றரை வயது என்றாள். நிற்கவில்லை, சிரிக்கவில்லை. தலைமுடி செம்பட்டையாகப் போயிருந்தது. நல்ல மீனெல்லாம் எங்கள் தெருவுக்கு வந்துவிட, அந்தப் பிள்ளைக்கு வீட்டில் கிடைத்தது கஞ்சித் தண்ணீர்.

சரோஜா அக்கா சும்மா இருக்கிறவர் இல்லை. வெளிநாட்டிலிருந்து பால் பவுடர் மூட்டை மூட்டையாக வந்திறங்குகிறது என்று கேள்விப்பட்டு, டவுனுக்கு நாலு நடை நடந்து ஒரு டாக்டரைப் பிடித்தார். அவர் சொன்னது இதுதான்: வரும் ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் மூட்டையோடு வருகிறேன். குறைந்தது இருபது பிள்ளைகளை எடை போட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தால் குப்பத்தில் பால் கொடுக்க ஏற்பாடு செய்கிறேன். இல்லாவிட்டால் மூட்டை வேறு ஊருக்குப் போய்விடும்.

தாய்மார்களைக் கூட்டி யார் பேசுவது என்று கேட்டபோது ஆளுக்கொரு சாக்கு சொன்னார்கள். நான் மட்டும் சாக்குச் சொல்லக் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். "சேகர் ஒண்ணும் சொல்லல பாருங்க. அவருதான் தைரியசாலி" என்றார் சரோஜா அக்கா.

பேச்சை எழுதி மனப்பாடம் செய்தேன். கொட்டகையில் நின்று எங்கள் மாட்டுக்கு நாலு நாள் பேசிக் காட்டினேன். அது கடைசிவரை எழுந்து போகவில்லை. (கட்டியிருந்தது.)

ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டோம். மைதீன் கடையிலிருந்து பெரிய தராசை இரவல் வாங்கி வந்திருந்தான். வெல்லமும் புளியும் மூட்டையாக நிறுக்கிற தராசு. சாப்பாட்டுத் தாம்பாளத்தைவிடப் பெரிய இரண்டு தட்டு, நாலு பக்கமும் சங்கிலி. "மீன் நாத்தத்தோட வந்துதுன்னா தராசும் வேணாம், நீயும் வேணாம்னுட்டாரு எங்க வாப்பா" என்று சொல்லிக்கொண்டே சைக்கிளைத் தள்ளி வந்தான்.

குப்பத்தில் ஒரு பூவரச மரம். அதன் கிளையில் தராசைக் கட்டினோம். நாற்பது பெண்கள்போல வந்து மணலில் உட்கார்ந்தார்கள். எல்லோர் மடியிலும் பிள்ளை. அஞ்சலை முன்வரிசை. நான் எழுந்தேன்.

"பேரன்பு கொண்ட தாய்மார்களே! அகில உலகையும் இன்று ஊட்டச்சத்துக் குறைபாடு என்னும் அரக்கன்..."

"இன்னாது?" என்றாள் ஒருத்தி.

"ஊட்டச்சத்து... குறைபாடு. தூர தேசங்களில் லட்சோப லட்சம் குழந்தைகள் உண்ண உணவின்றி..."

"ஏம்பா, அந்த ஊர்ல கடலு இல்லியா?"

மனப்பாடம் செய்ததில் இந்தக் கேள்வி இல்லை. மாடும் இதைக் கேட்கவில்லை.

"தெரியலைங்க" என்றேன்.

"கடலு இல்லாத ஊர்ல இன்னாத்தத் தின்னும் பாவம் அதுங்க. ஏம்பா, கருவாடு குடுத்தா நீங்க கொண்டும்போயி சேர்ப்பீங்களா?"

இன்னொருத்தி நிஜமாகவே எழுந்து, "இரு, ஊட்ல ரெண்டு கூறு நெத்திலி கீது, எடுத்தாறேன்" என்று புறப்பட்டாள். கொடுக்கப்போன இடத்தில் வாங்கிக்கொண்டு திரும்பும் நிலை. எனக்கு அடுத்த வரி மறந்தது. அதற்கடுத்த வரியும் மறந்தது. நல்லவேளை, சரோஜா அக்கா எழுந்து என் தோளைத் தட்டி ஓரமாக நிற்கவைத்தார். அவர் முதலில் சொன்னது ஒரே வார்த்தை.

"சவலை."

கூட்டம் சட்டென்று அடங்கியது. சவலை என்றால் அவர்களுக்குத் தெரியும். எல்லா வீட்டிலும் ஒன்று இருந்தது, அல்லது இருந்து போயிருந்தது. அவர் கீழே மணலில் அவர்களோடு உட்கார்ந்து பேசினார். விற்கிற மீனில் ஒன்றைப் பிள்ளைக்கு எடுத்து வைப்பது, முள் எடுத்துச் சோற்றில் பிசைவது, வேலியில் நிற்கிற முருங்கைக்கீரை, வரப்போகிற பால். இருபது வயதுப் பெண், கல்யாணமாகாதவர், நாற்பது தாய்மார்களுக்குப் பிள்ளை வளர்ப்பு சொல்கிறார். ஒருத்திகூட ஏளனமாகப் பார்க்கவில்லை. இன்றுவரை அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை.

எல்லாம் சரியாகத்தான் போனது. "சரி, ஒவ்வொரு புள்ளையா தராசுல வைங்க" என்று மைதீன் சொல்லும்வரை.

நாற்பது முந்தானையும் ஒரே சமயத்தில் பிள்ளைகள்மேல் மூடின.

"தராசுலயா? இன்னா தம்பி, எம்புள்ள இன்னா வஞ்சிர மீனா?"

"சாமிக்கு நேந்துகினாதான் தராசுல வெப்பாங்க. இப்டி நாலு பேரு கண்ணு முன்னாடி எட போட்டா புள்ள தேஞ்சிடும்."

நாங்கள் ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கண்ணேறு என்பதை எங்களில் ஒருவரும் யோசித்திருக்கவில்லை. எங்கள் வீடுகளிலும் அதே பயம் உண்டு; சங்கத்தில் சேர்ந்ததும் மறந்துவிட்டது.

அஞ்சலை எழுந்து நின்றாள். முத்து அவள் தோளில் தலை சாய்த்திருந்தான். "இதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு பொறந்துது, சரோசா. பொறந்த அன்னிக்கே எட போட்டாங்க. 'நல்ல கனம்'னு எல்லாரும் சொன்னாங்க. மூணா மாசம் போயிடுச்சி. இதையும் குடுத்துட்டு நா இன்னா பண்ணட்டும்? பாலு வேணாம், உடு" என்று சொல்லிவிட்டு நடந்தாள். மற்றவர்களும் எழ ஆரம்பித்தார்கள்.

சரோஜா அக்காவின் முகம் வாடியதை அன்றுதான் பார்த்தேன். ஜீப் வருகிற நேரம். அஞ்சலை தோளில் அந்தச் செம்பட்டைத் தலை ஆடிக்கொண்டே போகிறது. அந்த நேரத்தில் யாரோ, "ஒண்ணும் ஆவாதுங்க! நான் ஏறிக் காட்டறேன்!" என்று கத்தினார்கள். யார் என்று திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏறித் தட்டில் குந்தினேன். ஒரு கையில் சங்கிலி, ஒரு கையில் வேட்டி. மைதீன் எனக்கு மரியாதை கொடுக்க நினைத்து, எதிர்த்தட்டில் ஐந்து கிலோ கல்லாகப் பத்துக் கல்லை அடுக்கினான்.

நான் பறந்தேன். வேறு வார்த்தை கிடையாது. தட்டோடு மேலே போய், தலை கிளையில் இடித்து, வாயில் ஒரு பூவரச இலையோடு நின்றேன்.

"ஒண்ண எடுறா" என்றேன் இலையைத் துப்பிவிட்டு.

எடுத்தான். நான் இறங்கவில்லை. போய்க்கொண்டிருந்த பெண்கள் நின்றார்கள்.

"இன்னும் ஒண்ணு எடுப்பா தம்பி!" என்று கூட்டத்திலிருந்து குரல். எடுத்தான். நாற்பது கிலோ. நான் அப்படியே ஆகாயத்தில். சிரிப்பு மணலில் உருண்டது. இன்னும் ஒரு ஐந்து கிலோ கல்லை எடுத்துவிட்டுச் சின்னக் கற்களாக வைத்தான். ஒருவழியாக முப்பத்தெட்டில் முள் நேராக நின்றது.

"சத்து சத்துன்னு நம்மகிட்ட சொல்ல வந்துது பாரு, மொத சவல இதுதான்டி!"

நாற்பது பெண்களும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நான் தட்டிலேயே தலையைக் குனிந்துகொண்டேன். கடல் அவ்வளவு பக்கத்தில் இருந்தும் போய் விழ வழியில்லை, வேட்டி சங்கிலியில் மாட்டியிருந்தது.

அப்போது அஞ்சலை திரும்பி வந்தாள். அவள் சிரிக்கவில்லை. மீன் வாங்குகிறவர்கள் பார்ப்பதுபோல என்னைத் தலை முதல் கால்வரை பார்த்தாள்.

"இத்தினி பேரு கண்ணும் இவன் மேலயே பட்டுடுச்சி. இவன் ஒண்ணும் ஆவாமதான் குந்திகினு கீறான்" என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு சத்தமாக, "ஏ, இவன இங்கியே நிக்க வைங்கடி! ஊடு கட்டறப்ப பொம்ம வெக்கறதில்ல? வர்ற கண்ணு பூரா இவன் மேல போவட்டும். புள்ளைங்க மேல படாது!"

சொன்ன வேகத்தில் யாரோ ஒரு குழம்புச்சட்டியைக் கொண்டுவந்தார்கள். அடிச்சட்டிக் கரியை வழித்து அஞ்சலை என் இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் ரூபாய் அகலத்துக்குப் பொட்டு வைத்தாள். ஒருத்தி கழுத்தில் கட்டப் பழைய செருப்பு ஒன்றும் கொண்டுவந்தாள். செருப்பு மட்டும் வேண்டாம் என்று சரோஜா அக்கா தடுத்துவிட்டார். (அந்த நன்றியை நான் மறக்கவில்லை.)

தராசுக்குப் பக்கத்தில் நின்றேன். முதல் பிள்ளையாக அஞ்சலை முத்துவைத் தட்டில் வைத்தாள். வைத்த கையை எடுக்க அவளுக்கு நேரம் பிடித்தது. அவள் கண் தராசில் இல்லை, என் மேலேயே இருந்தது. 'நீ வாங்கிக்கொள், எல்லாவற்றையும் நீ வாங்கிக்கொள்' என்பதுபோல ஒரு பார்வை. நானும் அசையாமல் நின்றேன்.

ஆறு கிலோகூட இல்லை. அப்போது யாரும் சிரிக்கவில்லை.

"கம்மியா?" என்றாள்.

"கம்மிதான் அஞ்சல" என்றார் சரோஜா அக்கா. பொய் சொல்லவில்லை. "மாசா மாசம் எட போடுவோம். ஏறுதான்னு நீயே பாரு."

ஜீப் வந்தபோது இருபத்து மூன்று பிள்ளைகள் நோட்டில் ஏறியிருந்தார்கள். டாக்டர் இறங்கி, கரி பூசிய என்னைப் பார்த்து, "இது யார்?" என்றார்.

சரோஜா அக்கா கொஞ்சமும் சிரிக்காமல், "எங்க தொண்டர் சார். இவரு இல்லாம எடை போட முடியாது" என்றார்.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். முதல் வரியில் மைதீன் எழுதியிருந்தான்: 'சேகர், வயது 18, முப்பத்தெட்டு கிலோ.' டாக்டர் என்னை இன்னொரு முறை பார்த்துவிட்டு, "இவனுக்கும் ஒரு டம்ளர் கொடுங்கள்" என்றார். பிள்ளைகளோடு வரிசையில் நின்று குடித்தேன். கட்டி கட்டியாக இருந்தது.

மறுநாள் அஞ்சலை எங்கள் தெருவில் மீன் விற்றபடியே சேதியையும் விற்றாள். "எம்புள்ளைக்கு நா சோறு போடலன்னு குப்பம் பூரா பேசறாங்களாமே!" என்று அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் மூன்று நாளும் இரண்டு பங்கு சோறு போட்டார்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த மாதம் கூச்சத்தில் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். (முதன்முதலாகச் சொன்ன சாக்கு.) ஒரு மணி நேரத்தில் மைதீன் சைக்கிளில் வந்து நின்றான். "ஏந்துருடா. பொம்ம வந்தாதான் புள்ளைய வெப்பேன்னு குந்திகினு கீறாங்க அத்தினி பேரும்."

இரண்டு வருடம் போனேன், ஒரு மாதம் தவறாமல். நான் பேச வேண்டியதில்லை, நின்றால் போதும். என்னைப்போல ஒருவனுக்கு இதைவிடப் பொருத்தமான பொதுத்தொண்டு உலகத்தில் இருக்க முடியாது. மழையானாலும் சரோஜா அக்கா அத்தனை தூரம் நடந்து வருவார். பவுடரைக் கட்டியில்லாமல் கரைக்க அவரே பழகி, மற்றவர்களுக்கும் பழக்கினார். எட்டாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ, மரத்தடியில் நின்றுகொண்டிருந்த என் வேட்டியை யாரோ பிடித்து இழுத்தார்கள். குனிந்து பார்த்தால் முத்து. வேட்டியைப் பிடித்துக்கொண்டு தானாக நின்றுகொண்டிருந்தான். பாதி வேட்டி அவன் கையில். நான் அவிழ்ந்தால் அவிழட்டும் என்று விட்டுவிட்டேன். அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இப்போது எனக்கு வயது நாற்பத்தைந்துக்கு மேல். எழுபது கிலோ இருக்கிறேன். புது வீடு கட்டியபோது கொத்தனார் வாசலில் பூசணிக்காய் பொம்மை கட்ட வேண்டும் என்றார். என் மனைவி, "காசு எதுக்கு வீணா? அதான் ஒண்ணு நிக்குதே" என்று என்னைக் காட்டினாள். எங்கள் வீட்டில் யாராவது புதுத்துணி உடுத்தினால் முதலில் என்னைப் பக்கத்தில் நிற்கவைத்துவிட்டுத்தான் படி இறங்குவார்கள்.

போன மாதம் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கறுத்து, அகன்று, நிலைப்படியில் குனிந்து நுழைகிற உயரத்தில் ஒரு ஆள். சொந்தமாகப் படகு வைத்திருக்கிறான், முத்து. முதல் பிள்ளை பிறந்திருக்கிறதாம். சுகாதார நிலையத்தில் எடை போட வரச் சொல்லியிருக்கிறார்களாம்.

"அதுக்கு நான் எதுக்குப்பா?" என்றேன்.

"அம்மா சொல்லிடுச்சி சார். நீங்க வந்து நின்னாதான் புள்ளைய தராசுல வெப்பாங்களாம்." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். "எனக்கும் அதான் சார் மனசு."

வரமாட்டேன் என்று சொல்லியிருப்பேன். அதற்குள் என் மனைவி ஒரு கையில் சட்டையும் இன்னொரு கையில் கண்மை டப்பாவுமாக வந்து நின்றாள். நான் கன்னத்தைக் காட்டினேன்.